இருவருக்கும் சேர்த்து ஒரு வேலை

1

எங்கள் கல்யாண நாளன்றுதான் நானும் என் கணவரும் பினாங்கு தேசியப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தோம். அன்று கல்யாண நாள் என்பது இருவருக்குமே மறந்து போயிருந்தது. மாலையில் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, பாலிக் புலாவ் மலைப்பாதை வளைவில், அவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“செல்வி, இன்னிக்கு என்னா தேதி?”

சொன்னேன். கொஞ்ச தூரம் போன பிறகு, “அப்ப இன்னிக்குத்தானே,” என்றார்.

“ஆமா.”

அதற்கு மேல் பேச இரண்டு பேருக்கும் தெம்பில்லை. வீட்டுக்கு வந்து, காலையில் வைத்த ரசத்தைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

புதுக்கோட்டையிலிருந்து என் தங்கை போனில் கேட்டாள்: “வயசான காலத்துல ரெண்டு பேரும் காட்டுக்கு வேலைக்குப் போறீங்களாமே, அப்படி என்னக்கா கஷ்டம் உங்களுக்கு?” கஷ்டம் ஒன்றும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் கஷ்டம் என்றாலும் ஊரில் நம்ப மாட்டார்கள், இல்லை என்றாலும் நம்ப மாட்டார்கள். அவளிடம் போனில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் சுப்ரமணியம் பினாங்கிலேயே பிறந்தவர். நான் அவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வரும். அவர் தூங்கும்போது நான் விழித்திருப்பேன், நான் படுக்கும்போது அவர் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் கிளம்புவார். இப்படியே ஒரு மகளை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்துவிட்டோம். அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், இந்த மனிதரோடு நான் முழு நாள் சேர்ந்து இருந்ததே இல்லை என்று புரிந்தது.

ஓய்வு பெற்ற மறுநாளும் பழைய நேரத்துக்கே எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். ஒரு வாரம் கழித்து என் சமையலறைக்குள் வந்தார். சீரக டப்பா, மிளகு டப்பா எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினார். நான் வெங்காயம் வதக்கும்போது பக்கத்தில் நின்று, “ஏன் தீய இவ்ளோ வைக்கிற?” என்று கேட்டார். இத்தனை காலம் கேட்காத கேள்வி. நான் பதில் சொல்லாமல் இருந்தால் பால்கனியில் போய் நிற்பார். எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலிருந்து பார்த்தால் தொழிற்சாலை பஸ்கள் போவது தெரியும்.

அப்போதுதான் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் சொன்னார். மழை விடுகிற மாதங்களில் பூங்காவுக்குக் கூட்டம் வரும், அந்தப் பருவத்துக்கு மட்டும் ஒரு குத்தகைக்காரர் ஆள் எடுக்கிறார், கணவன் மனைவியாக வந்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார் என்று. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவரும் லீவு போடுவார் என்று அந்தக் குத்தகைக்காரர் யோசிக்கவில்லை போலும்.

நேர்காணலுக்குப் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மலாயில் என்னைப் பார்த்து, ‘பென்யூ’ பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். எனக்கு அது ‘பென்யாப்பு’ என்று காதில் விழுந்தது. பென்யாப்பு என்றால் துடைப்பம். “நல்லாத் தெரியும், தினமும் காலையில் அதுதான் என் கையில்,” என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு காதருகில் சொன்னார்: “கடல் ஆமை லா, செல்வி.”

கடைசியில் எனக்குக் கொடுத்த வேலையில் பெருக்குவதும் இருந்தது.

அடையாள அட்டைகளைக் கேட்டார்கள். என் கணவருடையது குடிமகனுக்கான நீல ஐசி. என்னுடையது நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி. மேஜைக்காரர் நீலத்தை நகல் எடுத்துக்கொண்டு சிவப்பைத் திருப்பிக் கொடுத்தார். “கணவர் பேரில் போட்டுவிடுகிறோம். நீங்கள் கூட வந்து உதவி செய்யுங்கள், அது போதும்,” என்றார். சம்பளமும் சேர்த்து அவர் கணக்குக்கே வரும். அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு அது பழக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் வருடாவருடம் குடிநுழைவு அலுவலகத்தில் விசா நீட்டிக்க வேண்டும். கணவர் கூட வந்து கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். இரவு ஷிப்ட் முடித்து நேராக அங்கே வருவார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குவார். நம்பர் வந்ததும் நான் எழுப்புவேன். சிவப்பு ஐசி கையில் கிடைத்தபோது எங்கள் மகள் கவிதா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

2

வேலையைச் சொல்கிறேன். பூங்கா தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங்கில் இருக்கிறது. நுழைவாயிலில் ஒரு கவுண்டர். உள்ளே போகிறவர்கள் பெயர் பதிந்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்ததும் சொல்ல வேண்டும். அங்கே நான் உட்காருவேன். கூட்டம் இல்லாதபோது வாசலைப் பெருக்குவேன். குரங்குகள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தால் அதையும் அள்ளுவேன். அதை அவை தினமும் கவிழ்த்தன.

அவருக்கு மலைக்கு அந்தப் பக்கம் கெராச்சுட் கடற்கரை. காலையில் படகில் போய் இறங்குவார். அங்கே ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் இடம் இருக்கிறது, கூடாரம் போடும் இடம் இருக்கிறது. ஒரு ஏரியும் உண்டு. மேலே நல்ல தண்ணீரும் அடியில் உப்புத் தண்ணீரும் கலக்காமல் இருக்கும். மழையில்லாத மாதங்களில் வற்றிச் சேறாகிவிடும். சனங்கள் அந்தச் சேற்றைப் பார்த்துவிட்டு, “ஏரி எங்கே?” என்று அவரிடம் கேட்பார்கள். தினமும் அதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய், “மழைக்கு அப்புறம் வாங்க,” என்று மட்டும் சொல்வார். மாலையில் கடைசிப் படகை அனுப்பிவிட்டு, காட்டுப் பாதையில் யாரும் பின்தங்கி நிற்காமல் பார்த்துக்கொண்டே மலையேறி இறங்கி என்னிடம் வருவார். அறுபது தாண்டிய முழங்காலுக்கு அது நல்ல வேலை இல்லை. சொன்னேன். கேட்கவில்லை.

ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்தார்கள். இப்படி ஒரு சங்கதி எங்களுக்கு முன்பே கிடைத்திருக்கலாம். வீட்டில் ஒரே சோபாவில் உட்கார்ந்து பேச ஒன்றும் இல்லாமல் டிவி பார்த்த நாங்கள், நடுவில் ஒரு மலை வந்ததும் பேச ஆரம்பித்தோம்.

“என்னங்க, சாப்டாச்சா? ஓவர்.”

“ஆச்சு. மறுபடியும் ரசமா? ஓவர்.”

“வேற யாராவது சமைச்சுக் குடுத்தா வாங்கிச் சாப்பிடுங்க. ஓவர்.”

எங்கள் மேற்பார்வையாளர் ரொஸ்லி மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும். அவருக்கு ஒன்றும் புரியாது என்ற தைரியத்தில்தான் பேசினோம். கவிதாவைப் பற்றி, சம்பந்தியைப் பற்றி, என் கணவருடைய கூட்டாளியின் குடியைப் பற்றி எல்லாம். சில வாரம் போன பிறகு ஒருநாள் ரொஸ்லி கவுண்டர் பக்கம் வந்து நின்று, தமிழில் சொன்னார்.

“அக்கா, அண்ணனுக்கு நாளைக்கு வேற கொழம்பு வைங்க. பாவம்.”

சிம்பாங் அம்பாட்டில் தமிழ் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவராம். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “ஏன் தம்பி இத்தனை நாள் சொல்லல?” என்றேன். “கேக்க நல்லா இருந்துச்சு லா,” என்றார்.

தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வருபவர்களும் உண்டு. ஒருமுறை ஒரு கோயம்புத்தூர் குடும்பம். அவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறுவதைப் பார்த்து, நானே தமிழில் வழி சொன்னேன். அந்த அம்மாள் ஆச்சரியத்தோடு, “உங்க தமிழ் நல்லா இருக்கே, எங்கே கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார். புதுக்கோட்டையில் என்றேன். அவர் சிரித்தார், நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. போனமுறை ஊருக்குப் போயிருந்தபோது, காய்கறிக் கடையில், ரிங்கிட்டைக் கேட்பதுபோல் “இது எத்தனை வெள்ளி?” என்று நானே கேட்டிருக்கிறேன். கடைக்காரப் பையன் தங்கையைப் பார்த்தான். தங்கை தரையைப் பார்த்தாள்.

3

கவிதா பெர்த்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். நாங்கள் வேலைக்குப் போவதை முதல் இரண்டு ஞாயிறு சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அவர் உளறிவிட்டார்.

“அம்மா, அங்க டாய்லெட் எல்லாம் கழுவுறீங்களா?”

“இல்லம்மா. வாசல் பெருக்குறேன், கவுண்டர்ல உக்காருறேன்.”

“சேம் திங் லா, மா. ஏன் இப்படிச் செய்றீங்க? அப்பாவுக்கு சேவிங்ஸ் இருக்கு. நான் இருக்கேன். இங்க வந்து மாயாவைப் பாத்துக்கிட்டு இருக்கலாம்ல?”

மாயா எங்கள் பேத்தி. திரையில் வந்து “ஹாய் பாட்டி” என்பாள். நான் தமிழில் ஏதாவது கேட்டால் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். கவிதா ஆங்கிலத்தில் சொன்ன பிறகு பதில் வரும், அந்தப் பதில் எனக்குப் பாதி புரியும். அதற்குள் குழந்தை வேறு அறைக்கு ஓடியிருக்கும். அங்கே போய் நான் யாரோடு பேசுவேன் என்று கவிதாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் வருத்தப்படுவாள். அவளுக்கும் தினமும் வேலை, வீடு, பிள்ளை என்று ஓட்டம்தான். களைப்பு அவள் முகத்திலும் தெரிகிறது. என் மகளுக்கு என்னால் செய்ய முடிந்தது, அவள் கேட்கும்போது நன்றாக இருக்கிறோம் என்று சொல்வதுதான்.

4

அன்று பள்ளி விடுமுறை. காலையிலிருந்தே கூட்டம். பிற்பகலில் ஒரு சிறு மழை பெய்து ஓய்ந்தது. காட்டிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடைசிப் படகும் வந்தது. படகுக்காரரிடம் கேட்டேன். “அண்ணன் அப்பவே மலையேறப் போயிட்டாரே,” என்றார்.

வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன். கரகரப்பு மட்டும்தான் வந்தது. காட்டுக்குள் சில இடங்களில் கேட்காது, அது வழக்கம்தான். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டேன். பிறகு பொறுக்கவே இல்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். “என்னங்க, எங்க இருக்கீங்க? ஓவர். என்னங்க, கேக்குதா?” மலைப்பாதையில் கடைசியாக வந்த சீன இளைஞர்கள் இருவரிடம் கேட்டேன். வழியில் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். அப்படியென்றால் அவர் பாதையில் இல்லை.

யாரிடம் என்ன சொல்வது, மலாயில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் படகு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. ரொஸ்லி படித்துறையில் நின்று கையை ஆட்டினார். நான் தமிழில் கூப்பிட்டுக்கொண்டிருந்ததையெல்லாம் அவர் தன் வாக்கி டாக்கியில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேரை மலையேற அனுப்பிவிட்டு, கடல் வழியாகப் போகப் படகையும் எடுத்துவிட்டார். “அக்கா, நீங்க இருங்க,” என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

அந்தப் படகில் நான் ஏறியது அதுதான் முதல் முறை. அவர் தினமும் போகும் வழி. அலையில் படகு தூக்கிப் போட்டது. எந்தச் சாமியையும் கும்பிடத் தோன்றவில்லை. காலையில் அவரிடம் கடைசியாக என்ன பேசினேன் என்று யோசித்தேன். வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லித் திட்டியிருந்தேன்.

கடற்கரையிலிருந்து மலையேறும் பாதையில் ரொஸ்லி முன்னால் போனார், நானும் படகுக்காரரும் பின்னால். மழை ஈரத்தில் வேர்கள் வழுக்கின. ரொஸ்லி, “அண்ணே, அண்ணே,” என்று கத்திக்கொண்டே போனார். வெகுதூரம் போகவில்லை. ஒரு திருப்பத்தில், பாதைக்குக் கீழே ஓடைப் பக்கமிருந்து பதில் வந்தது.

“இங்க லா.”

யாரோ வீசிய பிளாஸ்டிக் பை ஓடைக்கரைப் புதரில் மாட்டியிருந்ததாம். அதை எடுக்கச் சரிவில் இறங்கியிருக்கிறார். கால் வழுக்கிப் பாறைகளுக்கு நடுவே விழுந்திருக்கிறார். வாக்கி டாக்கி தண்ணீரில் போய்விட்டது. பாதையில் போனவர்களைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், ஓடைச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. வலது கணுக்கால் வீங்கி, பாதம் இருக்க வேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. நான் உட்கார்ந்தபடியே சரிவில் வழுக்கி இறங்கி அவரிடம் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்:

“நீ ஏன் வந்த? கவுண்டர்ல யாரு இருக்கா?”

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. “வாயை மூடுங்க,” என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ரொஸ்லி திரும்பி நின்று எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

மலையேறி வந்த இரண்டு பேரும் சேர்ந்துகொள்ள, படகில் இருந்த தூக்குப் படுக்கையில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, படகில் ஏற்றினோம். வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் பிடி இறுகியது. படித்துறையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

5

இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஹாலிலேயே கட்டில் போட்டோம். கவிதா அழுதாள், டிக்கெட் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றோம். “அப்ப வேலை அவ்வளவுதான், சரியா? இதோட விடுங்க,” என்றாள். அவர் போனைப் பார்த்து, “ஆமா, விட்டாச்சு,” என்றார்.

நான் சமையலறையில் இருந்தேன். அது என் காதில் விழுந்தது.

அவர் ஊன்றுகோலை ஊன்றிக் கழிவறைக்குப் போகப் பழகும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரு காலையில், பால் காய்ச்சிக்கொண்டே சொன்னேன்.

“திங்கக்கிழமையிலேருந்து நான் போகப்போறேன்.”

“எங்க?”

“வேலைக்கு.”

“பைத்தியமா உனக்கு? என்னை யாரு பாக்கறது?”

“சமைச்சு வச்சிட்டுப் போறேன். எதிர் வீட்டு அக்கா மத்தியானம் வந்து பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க.”

“வேலை என் பேர்ல இருக்கு, செல்வி. நான் போகலன்னா உனக்கு அங்க என்னா வேலை?”

அவர் கொடுமைக்காகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தேன். இதுவரை அவரிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். கல்யாணம் நிச்சயமான மாதத்தில் எனக்கு ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. அப்பாவே நேரில் போய், பெண் மலேசியா போகிறாள், வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வேலைக்காக நான் ஏங்கிக்கொண்டு வாழவும் இல்லை. ஆனால் இந்தக் கவுண்டரில் உட்கார்ந்த பிறகு, காலையில் கிளம்பி ஓரிடத்துக்குப் போவது, அங்கே நான்கு பேர் நம்மை எதிர்பார்ப்பது, அலுத்துப்போய் வீடு திரும்புவது எல்லாம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு விட முடியவில்லை.

“நீயும் அலுத்துப்போய்த்தானே வந்துக்கிட்டிருந்த,” என்றார்.

“ஆமா. நீங்களும் அப்படித்தானே வந்தீங்க, இத்தனை வருஷமும்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை போனேன். மோட்டார் சைக்கிள் இல்லாமல் இரண்டு பஸ். பட்டணத்துக்குப் போய், அங்கிருந்து கடற்கரைச் சாலை வழியாகத் தெலுக் பஹாங். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. ரொஸ்லி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கவுண்டர் சாவியைக் கொடுத்தார். வேலை என் பேரில் இல்லையே என்று நானே சொன்னேன். “குத்தகைக்காரர் ஆபீஸ்ல சொல்லியிருக்கேன் அக்கா. சிவப்பு ஐசின்னா மேல கேக்கணுமாம். அதுவரைக்கும் உக்காருங்க,” என்றார்.

உட்கார்ந்தேன். வாக்கி டாக்கியில் இப்போது கெராச்சுட்டிலிருந்து வேறொரு குரல் மலாயில் பேசியது. குரங்குகள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தன. அள்ளினேன்.

வீட்டில் அவர் முதலில் முறைப்பாக இருந்தார். சமைத்து வைத்ததைப் பாதி சாப்பிட்டு மீதியை மூடி வைப்பார். பிறகு ஒருநாள் நான் வந்தபோது, குக்கரில் சாதம் இருந்தது. குழைந்திருந்தது. சாப்பிட்டேன். மறுநாள் தண்ணீர் குறைத்து வைத்திருந்தார்.

6

பருவம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது, என் ஓய்வு நாளில், அவருடைய போன் அடித்தது. குத்தகைக்காரர் ஆபீஸ். அவருடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவர் மலாயில் பேசுவது கேட்டது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள், பரவாயில்லை என்றார். அடுத்த பருவத்துக்கு வருவீர்களா என்று கேட்டிருப்பார்கள்.

“நான் வரல,” என்றார். “இப்பவும் நான் செய்யல. என் மனைவிதான் செய்யறாங்க. அவங்களையே கேட்டுக்குங்க.”

போனை என் பக்கம் நீட்டினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஒரு பெண் குரல். முழுப் பெயர் கேட்டாள். தமிழ்ச்செல்வி என்றேன். புரியவில்லை, எழுத்துக் கூட்டச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அப்பா பெயர் கேட்டாள். கருப்பையா. அதையும் எழுத்துக் கூட்டினேன். என்ன ஐசி என்றாள். சிவப்பு என்றேன். கேட்டு வருகிறேன், லைனில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். காத்திருந்தேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்து, முடியும் என்றாள். இந்த மாதத்திலிருந்தே என் பெயரில் மாற்றுகிறார்களாம். அடுத்த பருவத்துக்கும் வருகிறீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்று மலாயில் சொன்னேன். அந்தச் சின்ன வாக்கியத்தில் தப்பு வர இடமில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

“என்னா சொன்னாங்க?”

“என் பேர்ல போடறாங்களாம்.”

“பேர சரியா எழுதிக்கிட்டாங்களா? இவங்க நம்ம பேர எப்பவும் தப்பாத்தான் எழுதுவாங்க.”

“தெரியல. வந்தாத்தான் பாக்கணும்.”

“தப்பா இருந்தா விடாத. திருத்தச் சொல்லு,” என்றார். டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மீதித் துணியை அலசிக் காயப்போட்டேன். இடுப்பு வலித்தது. மறுநாள் விடியுமுன் எழுந்து, அவருக்கு மட்டும் புளிக்குழம்பு வைத்துவிட்டு, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.